முப்பதாவது ஆள்

பக்கீர் முகைதீனின் இரத்தத்தில் மருந்து இருக்க வேண்டிய அளவைப் போல மூன்று மடங்கு இருந்தது. ஸுலைஹா இயந்திரத்தில் மறுபடியும் வைத்துப் பார்த்தாள். அதே எண்தான் வந்தது.

டொக்டர் றிஸ்மியின் ஆய்வு அது. ஜென்டமைசின் ஊசி ஏற்றப்படும் நோயாளிகளின் உடம்பில் மருந்து எவ்வளவு தங்குகிறது என்று முப்பது பேரிடம் அளக்க வேண்டும். அளவு மிஞ்சினால் காதையும், நடக்கும்போது உடம்பு சரியாமல் நிற்பதையும் நிரந்தரமாகக் கெடுத்துவிடும் மருந்து அது. ஆய்வு முடியும்வரை அளந்த எண் ஒன்றும் வார்ட்டுக்குப் போகக் கூடாது. ஊசி போடுவதற்குச் சற்று முன்னும், போட்டு ஒரு மணித்தியாலத்தின் பின்னும் இரத்தம் எடுப்பது ஸுலைஹாவின் வேலை. பக்கீர் கல்முனைக்குடியில் தோணி என்ஜின் திருத்துபவர். சிறுநீர்க் கிருமி இரத்தத்தில் ஏறியதால் வார்ட்டில் படுத்திருந்தார்.

"சேர், முப்பதாவது ஆளுக்கு அளவு கூடிப்போய் நிக்குது. காதுக்குள்ள வண்டு இரையுறாப்போல இருக்காம்."

"காய்ச்சல் விட்டிட்டா?"

"ஓம் சேர்."

"அப்ப மருந்து வேலை செய்யுது. இன்னும் மூணு நாள்தான். இப்பக் குறைச்சா இவரக் கழிச்சிட்டு வேற ஆள் தேடோணும். உங்கட மேற்படிப்புக்கு நான் தாற கடிதமும் அதுவரைக்கும் பிந்தும்."

வார்ட் ஒரு மாடி கீழேதான் இருந்தது. தாதியிடம் ஒரு சொல் சொன்னால் போதும். ஸுலைஹா இறங்கிப் போனாள், இரத்தம் எடுத்தாள், ஏறி வந்தாள். மூன்று நாளும் அப்படியே நடந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஆய்வுக்கான செவிச் சோதனையையும் ஸுலைஹாவே செய்தாள். சத்தம் கேட்டால் பொத்தானை அமத்த வேண்டும். பக்கீர் ஒவ்வொன்றுக்கும் தவறாமல் அமத்தினார். அவருடைய கண்கள் கருவியில் சத்தம் கொடுக்கும் தன் விரலிலேயே நிற்பதை ஸுலைஹா பிறகுதான் கண்டாள். சத்தத்தை முற்றாக நிறுத்திவிட்டு விரலை மட்டும் அசைத்தாள். அமத்தினார். விரலை மறைத்துக்கொண்டு உச்சச் சத்தத்தைக் கொடுத்தாள். அவர் சும்மா இருந்தார்.

அவள் முகத்தைப் பார்த்ததும் பக்கீருக்கு விளங்கிவிட்டது.

"எழுதிராத புள்ள," என்றார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்ஜின்ட சத்தத்தக் கேட்டுத்தான் நான் கோளாறு செல்ற. காது போயிட்டெண்டு தெரிஞ்சா ஒருத்தனும் என்னிட்ட வரமாட்டான்."

ஸுலைஹாவுக்கு நிம்மதியாக இருந்தது. 'செவிப்புலன் இயல்பு' என்று எழுதினாள். பக்கீர் அவளுக்காகக் கையேந்தி துஆக் கேட்டார்.

கட்டுரை வெளிவந்தது. அவளுடைய பெயர் இரண்டாவதாக இருந்தது.

வீட்டுக்குப் போன ஏழாம் மாதம் பக்கீரை வலது கையில் மூன்று விரல்கள் இல்லாமல் கொண்டுவந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த என்ஜினை நின்றுவிட்டதாக நினைத்துக் கையை விட்டிருக்கிறார். தோணிக்காரர் கத்தியதும் கேட்கவில்லை.

"கூப்பிட்டாத் திரும்புறல்ல தங்கச்சி," என்று அவருடைய மனைவி சுபைறா ஸுலைஹாவிடம் அழுதாள். "கோபத்தில இருக்காராக்கும் எண்டு நானும் கதையாம இருந்திட்டன்."

காயம் இரண்டு நாளில் அழுகத் தொடங்கியது. டொக்டர் றிஸ்மி பழைய கோப்பைப் புரட்டினார்.

"முந்தியும் ஜென்டமைசின் குடுத்திருக்கு. காதுக்கு ஒண்டும் செய்யல்ல. அதையே தொடங்குங்க." அவர் நிமிர்ந்தார். "ஏன் ஸுலைஹா, என்னவும் சொல்லணுமா?"

"இல்ல சேர்."

கட்டிலருகே சுபைறா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஊசி நல்லதுதானே தங்கச்சி? நீங்க செல்லுங்க, நான் நம்புறன்."

"ஓம்," என்றாள் ஸுலைஹா.

ஆறாம் நாள் பக்கீர் கட்டிலை விட்டு இறங்கினார். தரை சரியுது என்று சொல்லிச் சுவரைத் தேடினார். சுவர் கைக்கு எட்டுமுன் விழுந்தார். காயம் ஆறி வீட்டுக்குப் போன பிறகும் ஒருவர் பிடிக்காமல் அவரால் நடக்க முடியவில்லை.