வெள்ளைக் கேட்டும் வியாழக்கிழமையும்

ஒன்பதாம் கேள்விக்கு மட்டும் ஆல்மா டிக்னர் இன்னும் பதில் எழுதவில்லை.

மற்றதையெல்லாம் ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டாள். எந்த வழி? சர்ச் வாசலில் தொடங்கி, மார்ல்கோட் பார்க் நடுவே வெள்ளைக் கேட் வரை. எத்தனை வருஷமாக நடக்கிறீர்கள்? முப்பது. எப்போதெல்லாம்? ஏப்ரல் முதல் செப்டம்பர் முடிய, வியாழக்கிழமைதோறும். எதற்காக? வண்ணத்துப்பூச்சி எண்ணுவதற்கு. ஒன்பதாவதாக, "இந்த வழியில் நடக்க உங்களுக்கு யாராவது எப்போதாவது அனுமதி கொடுத்ததுண்டா?" என்று கேட்டிருந்தது. அங்கேதான் பேனா நின்றுபோனது.

"ஒரு 'இல்லை' போட இவ்ளோ யோசனையா?" என்றார் டெஸ்மண்ட் பர்கிஸ். கவுன்சிலில் நடைபாதைகளைப் பார்த்துக்கொள்கிற மனுஷர். ஆல்மாவின் சமையலறையில் உட்கார்ந்து அவள் சுட்ட கேக்கில் மூன்றாவது துண்டை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். "பேனால மை இல்லையா, இல்ல மனசு இல்லையா?"

"எழுதறேன் டெஸ்மண்ட். நீங்க முதல்ல அதை முழுங்குங்க, விக்கிக்கப் போகுது."

"நாளை மறுநாள் விசாரணை. ஞாபகம் இருக்கட்டும். ஊர்ல எல்லாரும் நடந்தோம்னு சொல்லுவாங்க. தேதி போட்டு எழுதி வச்சது நீங்க ஒருத்தர்தான். உங்க பூச்சி நோட்டு இல்லேன்னா நம்ம கேஸ் அம்போ."

விஷயம் இதுதான். இந்த ஊரில் ஒரு தனியார் நிலத்தின் வழியே ஜனங்கள் இருபது வருஷம் தொடர்ந்து நடந்துவிட்டால், அது ஊர் வழி. பிறகு எந்த ராஜாவும் அடைக்க முடியாது. ஆனால் நடந்தது எப்படி என்பதுதான் கேள்வி. வேலியை உடைத்துப் போயிருக்கக் கூடாது, ஒளிந்து போயிருக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட வேடிக்கை, அனுமதி கேட்டும் போயிருக்கக் கூடாது. "வரலாமா?" என்று கேட்டு, "தாராளமா வாங்க" என்று நிலத்துக்காரர் சார்பில் யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை, அது வெறும் தயவு ஆகிவிடும். தன் காலை அடுத்தவன் மிதித்தாலும் தானே மன்னிப்புக் கேட்கிற ஜனங்களுக்கு இப்படியும் ஒரு சட்டம்! எழுதின புண்ணியவானை என்னவென்று சொல்வது?

போன இலையுதிர் காலத்தில் மார்ல்கோட் பார்க் முழுவதையும் லண்டன்காரர் ஒருவர் வாங்கினார். வாங்கிய மூன்றாம் வாரம் வெள்ளைக் கேட்டில் கைத்தடி கனத்துக்குச் சங்கிலியும் பூட்டும் விழுந்தன. ஆறு மைல் சுற்று அதோடு அறுந்தது. சர்ச்சிலிருந்து புறப்பட்டு, மார்ல்கோட்டின் பீச் மரங்களுக்குக் கீழே நடந்து, வெள்ளைக் கேட்டைத் தாண்டி, சுண்ணாம்பு மேட்டில் ஏறி, முகட்டோடு போய், ஹோல்ட் பங்களாவின் இடிந்த மதில் ஓரமாக இறங்கி, மறுபடி சர்ச்சுக்கே வந்து சேரும் சுற்று அது. கேட் இல்லையென்றால் போன வழியே திரும்பவேண்டியதுதான்.

டெஸ்மண்ட் போனதும் ஆல்மா நடைச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சுற்றை வலமாகப் போக முடியாததால் இடமாகப் போனாள். ஹோல்ட் மதிலைத் தாண்டி மேட்டில் ஏறும்போது அறுபத்தேழு வயது முழங்கால் முணுமுணுத்தது. மேலே ஆடுகள் மேய்ந்த குட்டைப் புல், புல்லுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு, காலடியில் நசுங்கிய தைம் செடியின் வாசனை. தலைக்குமேல் எங்கேயோ ஒரு வானம்பாடி தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தது. ஆல்மா பழக்க தோஷத்தில் பூச்சிகளை எண்ணினாள். பதினொன்று. மறுபக்கச் சரிவில் இறங்கி, கேட்டுக்கு வெளிப்பக்கமாக வந்து, பூட்டின்மேல் கை வைத்தபடி நின்றாள்.

இங்கேதான் லெனர்ட் ஸ்டேஸ் நிற்பார்.

மார்ல்கோட்டின் காட்டுக் காவலர். அன்னியர் யாராவது பார்க்குக்குள் வந்தால் விரட்டுவதுதான் அவர் சம்பளம் வாங்கிய வேலை. ஆல்மா அப்போது போஸ்டாபீஸ் கவுண்ட்டரில் இருந்தாள். வியாழன் மதியம் அரைநாள் விடுமுறை. நோட்டும் பென்சிலுமாக அவள் வந்த முதல் இரண்டு வருஷமும் அவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னதோடு சரி. மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் ஒரு வியாழன், கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, காது மடல் சிவக்க, மனப்பாடம் பண்ணி வைத்ததைப்போல ஒரு வாக்கியம் சொன்னார்.

"மிஸஸ் டிக்னர், இந்தக் கேட்டை நான் பூட்ட மாட்டேன். நீங்க எப்ப வேணா வாங்க."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றுமில்லை. ஒரு கை பட்டதில்லை, ஒரு கடிதம் கிடையாது. அவருக்கு நோரீன் இருந்தாள், ஆல்மாவுக்கு ரேமண்ட் இருந்தான். ரேமண்ட் நல்ல மனுஷன்தான், பொய் சொல்லக்கூடாது. வியாழன்தோறும் கேட்டருகே ஐந்து நிமிஷம், மிஞ்சிப்போனால் ஆறு.

"இன்னிக்கு எத்தனை பூச்சி?" என்பார் லெனர்ட்.

"நாப்பத்தொண்ணு."

"காலைல நான் எண்ணினப்போ நாப்பத்தாறு இருந்துச்சு. அஞ்சு பேரு உங்களுக்குப் பயந்து ஓடிட்டாங்க."

அந்த ஐந்து நிமிஷத்துக்காக மற்ற நாளெல்லாம் தபால்தலை கிழித்தாள் ஆல்மா. அக்டோபர் வந்தால் பூச்சி இருக்காது. பூச்சி இல்லாமல் அந்தப் பக்கம் போக என்ன காரணம் சொல்வது? குளிர்காலம் முழுக்க ஜன்னல் வழியே பீச் மரங்களின் நுனியைப் பார்த்தபடி ஏப்ரலுக்காகக் காத்திருப்பாள். ரேமண்ட் போனது ஏழு வருஷம் முன்னால். லெனர்ட் போனது இரண்டு வருஷம் முன்னால், கடைசிவரை காவலராகவே இருந்துவிட்டு. சவ அடக்கத்தன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஊராரோடு ஊராராக ஒரு பாட்டைப் பாடிவிட்டு வந்தாள். அழக்கூட அவளுக்கு உரிமையில்லை.

அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு வாக்கியம். அதைத்தான் ஒன்பதாம் கேள்வி கேட்டது. 'ஆமாம்' என்றால் ஊருக்கு வழி போயிற்று. 'இல்லை' என்றால் லெனர்ட் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தமாதிரி. அன்றிரவும் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டுப் படுத்தாள்.

விசாரணை ஊர் மண்டபத்தில். அரசாங்கம் அனுப்பிய விசாரணை அதிகாரி ஒரு மெலிந்த பெண்மணி. லண்டன்காரருக்காக ஒரு வக்கீல். மண்டபம் நிறைய ஜனம். மூன்றாம் வரிசையில் லெனர்டின் மனைவி நோரீன் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

டெஸ்மண்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆல்மாவிடம் ஓடி வந்தார். "அடிச்சது பாருங்க யோகம்! காவல் டைரி! லெனர்ட் எழுதினது. பரண்ல கெடந்துச்சாம். இன்னிக்குக் காலைல நோரீனே கொண்டு வந்து குடுத்தாங்க."

ஆல்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அந்த வாக்கியத்தை அவர் வார்த்தை மாறாமல் எழுதி வைத்திருந்தால்?

டெஸ்மண்ட் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "ஜூன் ஒன்பது, வியாழன், மதியம் ரெண்டரை மணி. வெள்ளைக் கேட்டில் ஒரு ஆள். பேசவில்லை. ஜூன் பதினாறு, வியாழன். ஒரு ஆள். பேசவில்லை. இருபத்து மூணு, ஒரு ஆள், பேசவில்லை. இப்படியே போகுது மேடம், வருஷக்கணக்கா. காவல்காரர் பார்த்திருக்கார், தடுக்கல, அனுமதியும் குடுக்கல. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

பேசவில்லையாம்! ஆல்மாவுக்கு முதலில் சுருக்கென்று தைத்தது. பிறகுதான் புரிந்தது. எஜமானர் படிக்கிற டைரியில் வேறு என்னத்தை எழுதுவார் மனுஷர்? அவளை மறைத்து வைத்திருக்கிறார், வாரம் தவறாமல்.

"இன்னொரு கூத்து கேளுங்க," என்று டெஸ்மண்ட் பக்கத்தைப் புரட்டினார். "அக்டோபர் ஆறு, வியாழன். யாரும் வரவில்லை. அக்டோபர் பதிமூணு, யாரும் வரவில்லை. நவம்பர், டிசம்பர், எல்லா வியாழனும் யாரும் வரவில்லை. ஜனவரி அஞ்சு, முழங்கால் பனி, யாரும் வரவில்லை. வராத ஆளுக்கும் கணக்கு எழுதின ஒரே காவல்காரர் நம்ம லெனர்ட்தான்!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஆல்மா சிரிக்கவில்லை. நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பூச்சியே இல்லாத மாதங்களில், முழங்கால் பனியில், அந்த மனுஷர் அங்கே வந்து நின்றிருக்கிறார். அவளோ அரை மைல் தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்து காரணம் தேடிக்கொண்டிருந்தாள். பறவை பார்க்கப் போனேன் என்று சொல்லியிருக்கலாமே. காற்று வாங்கப் போனேன் என்றாவது சொல்லியிருக்கலாமே. எத்தனை குளிர்காலம், கடவுளே!

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். லண்டன்காரரின் வக்கீல் எழுந்தார்.

"மிஸஸ் டிக்னர், ஒன்பதாம் கேள்வியை நீங்க விட்டுட்டீங்க. வருஷக்கணக்கா, வாராவாரம் ஒரே ஆளைப் பாக்கறீங்க. அவர் ஒரு வார்த்தை பேசினதில்லையா? 'நீங்க வரலாம்'னு ஒரு தடவைகூடச் சொன்னதில்லையா?"

நோரீனின் கண் தன்மேல் இருப்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. லெனர்ட் தன் பங்குக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். இனி அவள் பங்கு.

"இல்லை," என்றாள் ஆல்மா. "ஒரு வார்த்தைகூட இல்லை."

குரல் உடையவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள். சொந்தமாக இருந்த ஒரே சொத்தைத் தன் கையாலேயே ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தமாதிரி இருந்தது.

ஜூலைக் கடைசியில் தீர்ப்பு வந்தது. வழி ஊருக்கே. ஒரு புதன்கிழமை கவுன்சில் ஆள் வந்து சங்கிலியை அறுத்தான். ஊரே கூடிக் கைதட்டியது. டெஸ்மண்ட் பியர் குப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்னதாய் ஒரு ஆட்டமே போட்டார். ஆல்மா ஓரமாக நின்றாள். இனி இந்தக் கேட்டைத் தாண்ட யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. கூட்டம் கலையும்போது யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். நோரீன்.

"நல்லா சாட்சி சொன்னீங்க," என்றாள் நோரீன், கேட்டைப் பார்த்தபடி.

"டைரி குடுத்தது நீங்க."

"ம். நாலு நாள் உக்காந்து முழுக்கப் படிச்சேன். பெறகுதான் குடுத்தேன்." கேட்டின்மேல் கை வைத்தாள். "வீட்ல அவருக்கு வாய் கிடையாது. தெரியுமில்ல? நாப்பது வருஷம் சுவத்தோட குடும்பம் நடத்தினேன். டைரியைப் படிச்சப்போ ஆத்திரம் வந்துச்சு. பெறகு, உங்ககிட்டயாவது பேசியிருந்தா சரின்னு இருந்துச்சு. நீங்க என்னடான்னா ஒரு வார்த்தைகூட இல்லேன்னுட்டீங்க."

ஆல்மா சுற்றிலும் பார்த்தாள். டெஸ்மண்டின் முதுகு தூரத்தில் தெரிந்தது.

"பேசினார்," என்றாள்.

"என்ன சொன்னார்?"

"'கேட்டைப் பூட்ட மாட்டேன். நீங்க எப்ப வேணா வாங்க'ன்னார்."

நோரீன் கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள். கன்னத்தில் ஒரு கோடு ஈரமாக இறங்கியது, அதைத் துடைக்கவில்லை. "என்னை ஒரு இடத்துக்கும் 'வா'ன்னு கூப்பிட்டதில்ல," என்றாள். பிறகு மேட்டை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பக்கம் நான் ஏறினதே கிடையாது. நாளைக்கு நானும் உங்களோட வரலாமா?"

"அய்யோ, கேக்காதீங்க நோரீன்! இந்த ஊர்ல கேட்டாப் போச்சு. பேசாம வந்துடுங்க." ஆல்மா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இங்கதான் நிப்பேன். ரெண்டரை மணிக்கு…"

"மணி எனக்குத் தெரியும்," என்றாள் நோரீன்.