ஒரே தொட்டி

முன்னறையில் கடைக்காரர் காத்திருந்தார். ஊரெங்கும் கிளை வைத்திருக்கும் பெரிய கடை. அவர் கையெழுத்துப் போட்டால் எங்கள் ஹெல்மெட் கம்பெனி பிழைக்கும். இல்லாவிட்டால் கதவைச் சாத்திவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவருக்குக் காட்ட ஒன்றை எடுக்கலாம் என்று பட்டறைக்குள் போனேன். எதை எடுத்தாலும் பட்டையை மாட்டி, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். இழுத்தேன். பட்டையைப் பூட்டும் பக்கிள் வாயைப் பிளந்துகொண்டு வந்துவிட்டது.

அடுத்ததை இழுத்தேன். நின்றது. அதற்கடுத்தது பிளந்தது.

"யாரு மாட்டினது இதை?" என்று கத்தினேன்.

பட்டை மாட்டும் பெண்ணை வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். அவள் மேஜைக்கடியில் இருந்த பக்கிள் தொட்டியைக் காட்டினாள். "சின்னவரு புது பக்கிள் ஒரு மூட்டை கொண்டுவந்தாருக்கா. எப்பவும் போல தொட்டியில கொட்டிட்டேன்" என்றாள்.

சின்னவர் என் தம்பி. சாமான் வாங்குவது அவன் பொறுப்பு.

எங்கள் கம்பெனியில், ஒரு ஹெல்மெட் விற்றால் இன்னொன்றை டெலிவரி வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சும்மா கொடுப்போம். அவர்கள் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவதைப் பார்த்துத்தான் கடைகளில் ஜனங்கள் எங்கள் சரக்கைக் கேட்டு வாங்குகிறார்கள். எது கடைக்கு, எது அவர்களுக்கு என்று பட்டறையில் யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் கை தானாகவே ஓரவஞ்சனை செய்யும். அதனால் ஒரே மேஜை, ஒரே தொட்டி.

தம்பியைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"அது கடைச் சரக்குக்கு இல்லக்கா. சும்மா குடுக்கறதுக்குன்னு மலிவா வாங்கினேன். தனியா வைக்கச் சொல்ல மறந்துட்டேன்."

"மலிவாவா?"

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பாப்பாங்க?"

கை ஓங்கிவிட்டேன். வாயாடி குறுக்கே வந்ததால் தப்பித்தான்.

"காலையில டெலிவரிக்காரங்களுக்குக் குடுக்கப் போன வண்டியிலயும் இதுதானா?"

"அது கிடக்கட்டும்க்கா. முதல்ல கடைச் சரக்கை மாத்திடுவோம். அவருக்குத் தெரியவே வேணாம்."

அவனை அப்படியே விட்டுவிட்டு வண்டி டிரைவருக்குப் போன் போட்டேன். "எல்லாத்தையும் குடுத்தாச்சும்மா. போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாங்க" என்றார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். "ஓட்டும்போது போன் எடுக்க மாட்டாங்களேம்மா." வெளியே மழை பிடித்திருந்தது. கடவுளே, யாரும் சறுக்கிவிடக் கூடாது.

பிளந்த ஹெல்மெட்டோடு முன்னறைக்குப் போனேன்.

"ஐயா, இன்னைக்கு உங்ககிட்ட காட்ட நல்ல சரக்கு எதுவும் இல்ல."

அவர் வாங்கி, பட்டையை மாட்டி இழுத்தார். அவர் கையிலும் பிளந்தது.

"நல்லதை மட்டும் பிரிச்சுத் தர முடியாதா?"

"பாக்க ரெண்டு பக்கிளும் ஒரே மாதிரி இருக்கு, எது நல்லதுன்னு எனக்கே தெரியாது. வெளிய போனதையும் சேத்து எல்லாத்துக்கும் புதுசா மாட்டணும்."

"அதை முடிச்சுட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் காத்திருப்பேன்னு சொல்ல மாட்டேன்." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வருஷ உழைப்பு அவரோடு படியிறங்கிப் போனது. நான் பட்டறைக்கு ஓடினேன்.

"டேய், டெலிவரிக்காரங்கல்லாம் கூடுற இடத்துக்கு ஓடு. ஒன்னு விடாம திருப்பி வாங்கிட்டு வா."

தம்பி பைக் சாவியை எடுத்தான். பழக்க தோஷத்தில் மேஜைமேல் குவிந்திருந்ததில் ஒரு ஹெல்மெட்டைத் தூக்கினான். தலைக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. பட்டையை மாட்டி, இழுத்தான். பிறகு இன்னும் பலமாக இழுத்தான்.

"என்னடா, பல்லைப் பிடிச்சுப் பாக்கற?" என்றேன்.

அவன் அதை மேஜையில் வைத்தான். கண் கலங்கிவிட்டது. ஆணியில் தொங்கிய என் பழைய ஹெல்மெட்டை எடுத்து அவன் தலையில் நானே மாட்டி, பட்டையை இழுத்துப் பார்த்து அனுப்பினேன்.