அழிக்கவா, ஒதுக்கி வைக்கவா

மேசைக்கு அடியில் குப்புறக் கிடந்தபடி ஹில்மி கேபிளைச் சொருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். நுழைவேனா என்றது. கடையிலிருந்து அவன் தூக்கிவந்த திரை புதுசு. பெரியப்பாவின் கணினி ஆதி காலத்தது. முன்னறையில் பெண்களின் ஒப்பாரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முற்றத்தில் ஆண்களுக்குச் சர்க்கரை போடாத காப்பி போய்க்கொண்டிருந்தது. விடியற்காலையில் பெரியப்பாவின் உயிர் போயிருந்தது. பொழுது சாய்வதற்குள் அடக்கம்.

"இன்னிக்கே பண்ணணுமாடா இதை?" கதவைப் பிடித்துக்கொண்டு பெரியப்பாவின் மகள் இன்சாஃப் கேட்டாள். அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"நான் என்னக்கா பண்ணட்டும்? கெய்ரோவிலேர்ந்து வந்தவங்க, அஸ்யூட்டிலேர்ந்து வந்தவங்க, எல்லாரும் பென்டிரைவை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. சாவு வீட்டுல இல்லேன்னு சொல்ல வாய் வருமா?"

அவன் சொல்வதும் நியாயம்தான். மல்லவி வட்டாரத்தில் அவள் அப்பா முஅல்லிம் பிசாதாவின் பாட்டு இல்லாமல் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையில்லாத பிள்ளையைக் கோவிலில் பாட்டுப் படிக்க விடுவது எகிப்தியக் கிறிஸ்தவர்களான கிப்தியரின் வழக்கம்; பாட்டில் தேறியவரை முஅல்லிம் என்பார்கள். அப்படிப் போனவர் நானூறு பாட்டுக்கு மேல் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு, பிற்பாடு ஒவ்வொன்றாகப் பாடித் தன் கணினியில் பதிந்து வைத்தார். அதற்குத் திரை எதற்கு? விசையைத் தட்டினால் கணினியே எழுத்தை வாசித்துச் சொல்லும். அந்தக் குரலின் வேகத்தை அவர் வருஷா வருஷம் கூட்டிக்கொண்டே போனதில், மற்றவர்களுக்கு அது வெட்டுக்கிளிச் சத்தமாகத்தான் கேட்டது. அவர் மட்டும் அதைக் கேட்டுத் தலையாட்டுவார், சிரிப்பார், சில நேரம் அதோடு சண்டையும் போடுவார்.

வந்தவர்களுக்கெல்லாம் நானூறு பாட்டும் வேண்டும். இன்சாஃபுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு நோன்புக்காலப் பாட்டின் நடுவே அம்மா குறுக்கே பேசியிருப்பாள். அப்பா அதை மறுபடி பாடிப் பதிந்தார், ஆனால் கெட்டுப்போனதையும் அழிக்கவில்லை. அம்மா போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அவள் குரல் இந்த உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று இன்சாஃப் நினைத்துக்கொண்டே இருந்தாள். நினைத்ததோடு சரி.

போன நோன்பில்தான், யாரோ கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து வைரஸ் புகுந்து பெரிய ரகளையாகிவிட்டது. குடிநீர் அலுவலகத்தில் கணினி வேலை பார்ப்பவள் என்பதால் காவலுக்கு ஆள் பிடிக்கும் பொறுப்பு இன்சாஃப் தலையில் விழுந்தது. முதலில் போட்ட ஆன்டிவைரஸ் பெரிய பெயரெடுத்தது. அது உட்கார்ந்ததும் கணினிக்கு மூச்சு வாங்கியது, குரல் பாதி வார்த்தையில் நின்றுபோனது. இது காவல்காரனா, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையா என்று அப்பா கேட்டார். இரண்டாவதற்கு எந்நேரமும் இணையம் வேண்டும். கதவைத் திறந்து போட்டுவிட்டா காவலுக்கு ஆள் வைப்பது என்று அதையும் தள்ளிவிட்டார். மூன்றாவது கனமே இல்லாதது, ஆனால் கேள்வியைப் படமாகக் காட்டியது. குரலால் படத்தை வாசிக்க முடியாது. அது பதிலுக்குக் காத்திருப்பது தெரியாமல் அப்பா அரை நாள் விசையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம்.

கடைசியாகக் கிடைத்தது வெறும் எழுத்தாலான ஒரு குட்டி நிரல். பென்டிரைவைச் சொருகும்போது மட்டும் விழிக்கும். புதிய வைரஸ்களின் விவரத்தை இன்சாஃப் அலுவலகத்திலிருந்து அவ்வப்போது கொண்டுவந்து ஏற்றினால் போதும். சந்தேகம் வந்தால், அழிக்கவா, ஒதுக்கி வைக்கவா என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகவே அப்பாவுக்கு அதைப் பிடித்துப்போனது.

"சந்தேகம்னு சொல்லி யாரையும் கொல்லக்கூடாதும்மா. தனியா உக்கார வை. அப்புறம் விசாரிச்சுக்கலாம்" என்றார்.

அதில் ஒரு வில்லங்கம் உண்டு. சும்மா என்டரைத் தட்டினால் அழித்துவிடும். ஒதுக்கி வைக்க, முதலில் டேப் விசையைத் தட்ட வேண்டும்.

கெய்ரோ அத்தை வந்து கட்டிக்கொண்டு அழுததில் இன்சாஃப் முன்னறைக்குப் போக வேண்டியதாயிற்று. சவப்பெட்டியில் அப்பா, பாடும்போது உடுத்தும் வெள்ளை அங்கியில் கிடந்தார். அவள் அவர் விரல்களைத் தொட்டாள். அப்போது உள்ளறையில் வெட்டுக்கிளிச் சத்தம் கேட்டது.

வாழ்நாளெல்லாம் சுவருக்கு அப்பாலிருந்து அவள் கேட்டு, காதில் போட்டுக்கொள்ளாத சத்தம். இன்று அது சத்தமாக இல்லை. சொல் சொல்லாக வந்து விழுந்தது. பாடல் கோப்புகள் அனைத்திலும் சந்தேகம். அழிக்கவா, ஒதுக்கி வைக்கவா?

இன்சாஃப் அத்தையின் கையை உதறிவிட்டு ஓடினாள்.

திரையில் வெளிச்சம் வருவதற்குள் ஹில்மி ஒரு பென்டிரைவைச் சொருகி வைத்திருந்தான். "சும்மா கத்துதுக்கா, என்டரைத் தட்டினா அடங்கிரும்" என்று விரலை நீட்டினான்.

"தொடாதே."

கட்டிய தொண்டையிலிருந்து வந்தாலும் அந்தக் குரலில் அவன் விரல் அந்தரத்தில் நின்றது. அவள் பென்டிரைவைப் பிடுங்கினாள். டேப். என்டர். வெட்டுக்கிளி விடாமல் பேசியது. அவள் தலையாட்டினாள், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விசையைத் தட்டினாள். ஒதுக்கியதை விசாரித்து, பென்டிரைவிலிருந்து வந்து ஒட்டியிருந்ததை உரித்தெறிந்து, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் கொண்டு சேர்த்தாயிற்று என்று அது சொன்ன பிறகே உட்கார்ந்தாள்.

ஹில்மி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "இது பேசுறது உனக்குப் புரியுதா?"

"தெரியலடா. இப்பத்தான் புரிஞ்சுது."

இத்தனை காலம் அப்பா இதற்குள்தான் இருந்திருக்கிறார். இருட்டில் என்று ஊரே பரிதாபப்பட்ட மனிதர். அவர் உலகம் எவ்வளவு வேகமாக, எவ்வளவு நெருக்கமாக ஓடியிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு மலைப்பாக இருந்தது.

"வேகத்தைக் குறைச்சு வச்சிடேன்க்கா. மத்தவங்களுக்கும் புரியும்ல."

"வேணாம். அப்பா வச்சபடியே இருக்கட்டும். அந்தத் திரையையும் எடுத்துட்டுப் போ."

முற்றத்தில் பாதிரியார் வந்துவிட்டார். ஆண்கள் பெட்டியைத் தூக்க முன்னறைக்குள் நுழைந்தார்கள், அழுகை ஓங்கியது. இன்சாஃப் கண்ணை மூடிக்கொண்டு கீழ் அம்புக்குறியைத் தட்டினாள். குரல் பெயர் பெயராக ஓடியது. ஓரிடத்தில் நிறுத்தி என்டரைத் தட்டினாள்.

அப்பா பாட ஆரம்பித்தார். நல்ல வயசுக் குரல், ஒரே எழுத்தை இழுத்து இழுத்து மேலே கொண்டுபோனது. முன்னறையில் அழுகை தணிந்து, பிறகு நின்றேவிட்டது. தூக்க வந்தவர்கள் பெட்டியில் வைத்த கையோடு நின்றார்கள்.

பாட்டின் நடுவே, கொஞ்சம் தள்ளியிருந்து, ஒரு கரண்டி கிளாஸில் தட்டும் சத்தம் கேட்டது.

"முஅல்லிம், டீ ஆறிப்போகுது. வர்றீங்களா, நானே குடிச்சிரட்டுமா?"

பாட்டு நின்றது. நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"இதோ வந்துட்டேன்" என்றார் அப்பா.