டொமினிக்கின் பல்

இன்னொருக்கா ‘வயசு போனா அப்பிடித்தான்’ எண்டு இந்த மனுசி சொல்லட்டும், சோத்துக் கோப்பையைத் தூக்கிச் சுவரில அடிக்கிறன்.

ஜெயரூபி எதையும் அடிக்கவில்லை. மசித்த சோற்றையும் பாரை மீனையும் மறுபடி கரண்டியில் அள்ளினாள். அப்பா குணரத்தினம் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். பாரிசவாதம் அவருடைய பேச்சை எப்போதோ கொண்டுபோய்விட்டது. போன மாதத்திலிருந்து சாப்பாடும் போய்விட்டது.

“வயசு போனா அப்பிடித்தான் பிள்ளை,” என்றார் முதியோர் இல்லத்து மேற்றன் புஸ்பராணி. “இல்லத்துக்குக் காசு தாற லண்டன் ஆக்கள் இப்ப வந்திடுவினம். எல்லாரையும் வைச்சுப் படம் எடுக்கப் போகினம். ஐயாவைக் கெதியா வெளிக்கிடுத்துங்கோ.”

ஜெயரூபிக்குக் கந்தளாயில் வேலை. ஞாயிறு மட்டும்தான் அவளால் வர முடியும். போன ஞாயிறு, “ஆருக்கு வீம்பு காட்டுறீங்கள்?” என்று அவரை ஏசியும் விட்டாள். அவர் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டியபோது நுளம்பு கடிக்கிறதென்று நினைத்து விசிறிவிட்டாள்.

இன்று அவர் கொட்டாவி விட்டபோது ஒரு நாற்றம் வந்தது. சோற்று நாற்றம் இல்லை.

“ஆ காட்டுங்கோ அப்பா.”

மேல் கட்டுப்பல் லேசில் கழலவில்லை. கழன்றபோது இரத்தமும் வந்தது. பல்முரசு வெந்த இறைச்சிபோல் கிடந்தது. பல்லைக் குழாயடியில் பிடித்துத் தேய்த்தாள். ஊத்தை போகப் போக, கடைவாய்ப் பக்கம் ஒரு பல் மஞ்சளாக மின்னியது.

தங்கம். அப்பாவின் பல்லில் ஏது தங்கம்?

பக்கத்துக் கட்டில் டொமினிக்குக்குத்தான் அது இருந்தது. “கடவுள் தந்தது வெறும் பல்லு, நான் கட்டினது தங்கம்!” என்று வாயைப் பிளந்து காட்டிச் சிரிக்கிற மனிதர். போன மாதம் இறந்துபோனார். கோட்டுப் போட்டு, பல்லும் போட்டுப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். வாய் மட்டும் மூடவில்லை. ‘செத்தும் சிரிக்குது மனுசன்’ என்று சனம் சொல்ல, அவளும் தலையாட்டினாள்.

“மேற்றன், பல்லுகளை எப்பிடிக் கழுவுறனீங்கள்?”

“எப்பிடியெண்டால்? இரவில எல்லாற்றையும் கழட்டி ஒரே பேசினுக்க போடுறது. காலமை ஆளாளுக்குப் பாத்துப் போட்டுவிடுறது.”

ஜெயரூபி கையை விரித்துக் காட்டினாள். மேற்றன் குனிந்து பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

“ஐயோ... அண்டைக்கு விடியப்புறமே பெட்டி வந்திட்டுது. அந்த அவசரத்தில...”

“அப்ப என்ரை அப்பான்ரை பல்லு சேமக்காலையில, டொமினிக்கின்ரை வாயுக்க கிடக்குது.”

மேற்றன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தணிந்திருந்தது.

“டொமினிக்கின்ரை பிள்ளையளுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. ஐயாவுக்குப் புதுசு கட்டுவிப்பம். இப்ப படத்துக்கு உந்தப் பல்லையே போட்டுவிடுங்கோ. வாய் சூம்பிக் கிடந்தா, நாங்கள் பாக்கிறேல்லை எண்டெல்லே நினைப்பினம்.”

பாக்கிறேல்லைத்தான். நானும்தான். ஜெயரூபிக்குச் சத்தம் போட்டால் தேவலை போலிருந்தது. தங்கப் பல்லைக் கைலேஞ்சியில் சுற்றித் தன் பைக்குள் வைத்தாள். மீன் கோப்பையைத் தள்ளிவிட்டு, ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கூழாக மசித்தாள்.

வாசலில் வான் வந்து நின்றது.

“பத்து நிமிசம்தானே, பிள்ளை. போட்டுவிடுங்கோவன்.”

அப்பா அவளுடைய கையைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். பிறகு பொக்கை வாயை மெல்லத் திறந்தார்.

“ஏலாது மேற்றன்,” என்றாள் திரும்பாமல். “அப்பா சாப்பிடுறார்.”