சேமிக்கட்டுமா என்று போன் கேட்டது

தெரு முழுக்க அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடும். நாற்பது வயதாகி, முன்நெற்றி ஏறிப்போன பிறகும் அப்படித்தான். படங்களுக்குச் சட்டம் போடும் கடை அது. அண்ணன் மரம் அறுப்பார். தம்பி ஆர்டர் வாங்குவான், கண்ணாடி துடைப்பான், யார் எது சொன்னாலும் சரி என்பான். இந்தக் கடைசி வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை. சட்டம் கறுப்பில் வேண்டும் என்று கணவர் சொன்னாலும் சரி, பொன் நிறத்தில் வேண்டும் என்று மனைவி சொன்னாலும் சரி. இரண்டு பேரும் படியிறங்கிய பிறகு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பான். உலகத்தில் உள்ள குழப்பங்களில் பாதி கெட்டவர்களால் வருவதில்லை, இந்த மாதிரி நல்லவர்களால் வருகிறது என்பது என் கட்சி. மருந்துக் கடையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு இந்தக் கடைக்கு வந்ததுகூட அப்படித்தான். அண்ணன் வா என்றார், இவன் சரி என்றான், அவ்வளவுதான்.

வாடிக்கையாளர்கள் படங்களை ஏற்றுவதற்கு இணையத்தில் கடைக்கு ஒரு கணக்கு இருந்தது. அதற்கும் மெயிலுக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் தம்பி வைத்திருந்தது ஒரே பாஸ்வேர்ட். கடையின் பெயர், பிறகு ஒன்று இரண்டு மூன்று. மழை தொடங்கிய சமயம் ஒருநாள், உங்கள் பாஸ்வேர்ட் வெளியே கசிந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் கத்தியது. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றட்டுமா என்று கேட்டது. அவனுக்குப் பதற்றத்தில் வேறொன்றும் தோன்றவில்லை. சரி என்று அழுத்தினான்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"இதுக்கு எதுக்குடா இவ்வளவு பயம்? போன்லயே பாஸ்வேர்டு வச்சுக்க இடம் இருக்கு. நீ காசு குடுத்து வாங்கின போன், கூடவே வந்த பெட்டி. விரலை வச்சா திறக்கும். நான் அதுலதான் வச்சிருக்கேன், எனக்கு என்ன ஆச்சு?"

"சரிண்ணே."

கடைக் கணக்கு, மெயில் என்று எல்லாவற்றுக்கும் புதுப் பாஸ்வேர்ட் வைத்து அந்தப் பெட்டியில் போட்டான். அன்று மாலை வீட்டில் மனைவி அதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதிவேடுகளைப் பார்க்கிறவள். பாஸ்வேர்டு கசிந்தால் என்ன ஆகும் என்பதை அலுவலகத்தில் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டவள்.

"உங்க போன் ஒரு கம்பெனி, கடை கம்ப்யூட்டர் வேற கம்பெனி. போன் பெட்டியில இருக்கறது அதுல வருமா? நாளைக்கு வேற போன் வாங்கினா என்ன பண்ணுவீங்க? இதுக்குன்னே தனியா ஆப் இருக்கு. எந்தப் போன்லயும் திறக்கும், எந்தக் கம்ப்யூட்டர்லயும் திறக்கும். நான் போட்டுத் தர்றேன்."

"வெளிக் கம்பெனிய எப்படி நம்புறதுன்னு அண்ணன் கேப்பாரே?"

"உங்க அண்ணன் கேக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

அதுதான் அவனுக்கே தெரியாதே. அண்ணன் பேசும்போது அண்ணன் சொல்வது நியாயமாகப் பட்டது, மனைவி பேசும்போது அவள் சொல்வது. சரி என்றான். அவள் ஆப்பைப் போட்டாள். சம்பந்தமே இல்லாத நான்கு வார்த்தைகளைச் சேர்த்து, ஆப்பைத் திறக்க ஒரு தாய் பாஸ்வேர்டு வைக்கச் சொன்னாள்.

"எனக்குக்கூடச் சொல்லாதீங்க. இதை மறந்துட்டா அந்தக் கம்பெனிக்காரனாலயும் எடுத்துத் தர முடியாது" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் அடித்து முடித்ததும் திரும்பி வந்து இன்னும் ஏதேதோ கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரி போட்டான்.

இனிமேல் நடந்ததுதான் கூத்து. மறந்தால் போச்சு என்ற பயத்தில் அவன் இருந்தபோது, அண்ணன் சொன்ன போன் பெட்டி, இந்தப் பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று தானாகவே கேட்டது. சரி. மறுநாள் அண்ணன், "போன் கணக்கோட பாஸ்வேர்ட மொதல்ல பலமா மாத்துடா, அதுதான் பெட்டிக்கே சாவி" என்றார். அதை மாற்றும்போது, பல்லை உடைக்கிற மாதிரி ஒரு நீளப் பாஸ்வேர்டை ஆப்பே உருவாக்கி, சேமிக்கட்டுமா என்று கேட்டது. அதற்கும் சரி. இப்படியாக மனைவி தந்த பெட்டியின் சாவி அண்ணன் காட்டிய பெட்டிக்குள் போனது, அண்ணன் காட்டிய பெட்டியின் சாவி மனைவி தந்த பெட்டிக்குள் போனது. விரலை வைத்தால் இரண்டுமே திறந்ததால் அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அண்ணனிடம் உங்க பெட்டிதான் என்றான், மனைவியிடம் உன் ஆப்தான் என்றான். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

போன வாரம் கண்ணாடிப் பலகை ஒன்றின் முனை நேராகப் போன் மேல் விழுந்தது. போன் செத்தது. அதே மாதிரிப் புதுப் போன் வாங்கினான். பழைய கணக்கைத் திறங்கள் என்று அது சொன்னபோது, பிறகு என்று அழுத்திவிட்டான். பேச முடிந்தது, அது போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை லிஃப்ட் மெக்கானிக் வந்தார். கையெல்லாம் கிரீஸ், கண்ணெல்லாம் தூக்கமில்லாத சிவப்பு.

"என் போன் லிஃப்ட் குழியில விழுந்து தூள் தூளாயிடுச்சு தம்பி. காப்பி எதுவும் எடுத்து வைக்கல. அன்னைக்கு உங்க கடை லிங்க்ல ஒரு படம் ஏத்தினேனே, எங்கப்பா என் பொண்ணைத் தூக்கி வச்சிருக்கற படம், அது இருக்குல்ல?"

"இருக்கும்ண்ணே."

"எங்கப்பா எந்தப் போட்டோவுலயும் சிரிச்சதே கிடையாது. கல்யாண போட்டோவுலகூட முறைச்சுக்கிட்டுதான் நிப்பாரு. அதுல மட்டும்தான் சிரிக்கிறாரு. போன மாசம் போயிட்டாரு. வெள்ளிக்கிழமை அம்மா வர்றாங்க, அவங்க பார்க்கணும்."

"சரி" என்றான் தம்பி. வேறென்ன சொல்வான்?

அவர் போனதும் கடைக் கணக்கைத் திறக்கப் போனான். பாஸ்வேர்ட் கசிந்த நாளிலிருந்து அதைப் போனில்தான் திறப்பான்; அதன் பாஸ்வேர்டும் மெயிலின் பாஸ்வேர்டும் போன் பெட்டிக்குள் இருந்தன. புதுப் போன் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டது. அது ஆப்பில் இருக்கிறது. ஆப்பை இறக்கினான், அது தாய் பாஸ்வேர்டைக் கேட்டது. அது போன் பெட்டிக்குள் இருக்கிறது. கொஞ்ச நேரம் இரண்டு திரைகளுக்கும் இடையில் போய்ப் போய் வந்தான். மூன்றாவது சுற்றில்தான் புரிந்தது. புரிந்ததும் கண்ணாடி வந்த மரப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

நான்கு வார்த்தைகளில் மூன்று நினைவிருந்தது. குடை, எலுமிச்சை, ஏணி. நான்காவது? கடையைச் சுற்றிப் பார்த்தான். ஆணி போட்டுப் பார்த்தான், பசை போட்டுப் பார்த்தான், சுத்தியல், அட்டை, நாற்காலி எல்லாம் போட்டுப் பார்த்தான். கொஞ்சம் பொறுத்து முயலுங்கள் என்றது ஆப். பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா என்ற பொத்தானை அழுத்தினால், நீங்கள்தானா என்று எங்களால் உறுதி செய்ய முடியவில்லை என்றது போன் கணக்கு. அவனாலேயே அதை உறுதி செய்ய முடியாத நிலைமை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. அந்த மெக்கானிக்கின் அப்பா எங்கோ ஒரு மூலையில் சிரித்துக்கொண்டிருக்கிறார், தன் சோம்பேறிச் சரியால் அவரைப் பூட்டிவிட்டோமே என்று நினைத்தபோது தம்பிக்கு அழுகையே வந்தது.

"என்னடா, படம் எடுத்துட்டியா? அளவு சொன்னா மரம் அறுக்கலாம்" என்று அண்ணன் பகலெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். இதோ, இதோ என்று மழுப்பினான். மாலையில் வேலை முடிந்து மனைவி கடைக்கே வந்துவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்ததும் என்னவென்று கேட்டாள். போன் திறக்கல என்று முணுமுணுத்தான்.

"போன் போனா என்ன, ஆப்ல திறங்க" என்றாள் அவள்.

"ஆப்பா? எந்த ஆப்பு?" என்றார் அண்ணன். "அவன் போன் பெட்டியிலதானே வச்சிருக்கான்?"

"இல்ல மாமா, ஆப்லதான் வச்சிருக்கார்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவன் எல்லாவற்றையும் கொட்டினான். எந்தச் சாவி எந்தப் பெட்டியில் என்று சொல்லும்போது அவனுக்கே இரண்டு தடவை தப்பியது. அண்ணன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மனைவி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அவளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனே" என்றாள். பிறகு தன் போனை எடுத்தாள். "அன்னைக்கே ஆப்ல அவசரத்துக்குன்னு என் பேரைப் போட்டு வச்சோம். நீங்கதான் சரின்னு அழுத்தினீங்க, ஞாபகம் இருக்கா? இப்போ நான் உங்க ஆப் பெட்டியைத் திறக்கணும்னு கேப்பேன். ஒரு நாள் காத்திருக்கும். அதுக்குள்ள நீங்க முடியாதுன்னு மறுக்கலேன்னா திறந்துடும்."

"இவனா? மறுக்கவா? அப்போ திறந்த மாதிரிதான்" என்றார் அண்ணன். சிரிக்காமல்தான் சொன்னார்.

மறுநாள் மாலை அது திறந்தது. போன் கணக்கின் நீளப் பாஸ்வேர்டை அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, தம்பி புதுப் போனில் அடித்தான். போன் பெட்டி திறந்தது, உள்ளே கடைக் கணக்கும் இருந்தது, தாய் பாஸ்வேர்டும் இருந்தது. குடை, எலுமிச்சை, ஏணி, சரி.

"சரியா? நாலாவது வார்த்தை சரியா?" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். தெருவே சொல்லியிருக்கும்."

படம் கடைக் கம்ப்யூட்டரில் திறந்தது. முன்பல் ஒன்று இல்லாத மனிதர் ஒருவர், கைக்குழந்தை மூக்கைப் பிடித்து இழுக்க, கண் இடுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்கள். அண்ணன் அளவு பார்த்துவிட்டு மரத்தை எடுத்தார்.

தம்பி கடைக் கணக்கின் பாஸ்வேர்டைப் புதிதாக மாற்றி ஆப்பில் வைத்தான். உடனே போன் கேட்டது, சேமிக்கட்டுமா? இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று அழுத்தினான்.

"ஆப்லயே வச்சுக்கறேண்ணே. கடை கம்ப்யூட்டர்லயும் திறக்குது. ஒரே இடத்துல இருந்தாத்தான் எனக்குப் புரியும்."

"வச்சுக்கோ. நல்லதுதான்" என்றார் அண்ணன். மரத்தின் மேல் ரம்பத்தை வைத்தவர் அறுக்கவில்லை. "நான் சொன்னப்போ சரின்னியே. மனசுல வேணாம்னு இருந்துச்சா?"

"அப்போ மனசுல ஒண்ணுமே இல்லண்ணே. குழப்பம்தான் இருந்துச்சு."

"கடைக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்சோமே, அதுக்கும் சரின்னே."

"அது... பிடிக்கல."

அண்ணன் சுவரை ஒருமுறை பார்த்தார். மனைவி கைப்பையில் எதையோ தேடினாள்.

"மருந்துக் கடை வேலைய விட்டுட்டு என்கூட வாடான்னு கூப்பிட்டேன். அப்பவும் சரின்னுதான் சொன்னே."

அந்த ஒன்று பொய்யில்லை. இந்த மரத்தூள் வாசனையும், எதிரே குனிந்து வேலை செய்யும் அண்ணனின் முதுகும் இல்லாமல் அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. அதைச் சொல்ல வார்த்தை தேடினான். தேடிய இடத்தில் எப்போதும் இருக்கிற அந்த ஒரு வார்த்தைதான் கிடைத்தது.

"அது நிஜமாவே சரிண்ணே" என்றான். கறுப்புச் சட்டம் கேட்டவருக்கும் பொன் நிறம் கேட்டவருக்கும் சொன்ன அதே குரலில்தான் அது வெளியே வந்தது. அவன் காதுக்கே கேட்டது.

அண்ணன் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "சரி" என்று சொல்லிவிட்டு அறுக்கத் தொடங்கினார்.

அது எந்தச் சரி என்று தம்பிக்குத் தெரியவில்லை.