ஐந்து பி வகுப்பின் இடது கைகள்

சுஜாந்தினி பதினெட்டு வருடம் பாலைச் சோதித்துக்கொண்டிருந்தவள். டென்மார்க்கில் ஹேர்னிங் நகருக்கு வெளியே ஒரு பால் தொழிற்சாலை, அதன் ஆய்வுகூடத்தில் வெள்ளை மேலங்கியும் தலைக்கு வலையுமாக நாளுக்கு இருநூறு குப்பி. நாற்பத்து நான்காவது வயதில், தெரிந்த தமிழ்ப் பெண்களெல்லாம் இந்தக் கோடைக்குக் கனடாக் கலியாணமா லண்டன் கலியாணமா என்று யோசித்துக்கொண்டிருக்க, இவள் ரீச்சராகப் போகிறேன் என்று வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். சொந்தக்காரர் மூன்று பேர் தொலைபேசியில் துக்கம் விசாரித்தார்கள்.

வேறு தொழிலில் இருந்து வருகிறவர்களுக்கு டென்மார்க்கில் மெரிட் படிப்பு என்று ஒன்று இருக்கிறது. கையில் இருக்கிற படிப்பையும் வேலை அனுபவத்தையும் ஏற்றுக்கொண்டு, குறைந்த காலத்தில் ஆசிரியராக்கிவிடுவார்கள். அவள் கணவன் சுபாங்கன் அதைக் குறுக்கு வழி என்பான். அவன் லொறி ஓட்டுபவன், எதையும் பாதைக் கணக்கில்தான் பேசுவான். குறுக்கு வழி என்று சொல்பவன் ஒரு நாளாவது இரவிரவாக இருந்து டெனிஷில் பதினைந்து பக்கக் கட்டுரை எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.

எழுத்துப் பரீட்சை எல்லாவற்றிலும் சித்தியடைந்துவிட்டாள். இடறியது பயிற்சிக் கற்பித்தலில். இலையுதிர் காலத்தில் கல்லூரியில் இருந்து பியர்கிட்டெ என்கிற விரிவுரையாளர் வந்து, பின்வரிசையில் அமர்ந்து, பாடம் முழுவதும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாடம் நல்ல பாடம். ஆனால் நாற்பத்தைந்து நிமிடத்தில் மூன்றே மூன்று பிள்ளைகள் கை உயர்த்தினார்கள். மற்றவர்கள் எங்கே போனார்கள்?" அவ்வளவுதான், சித்தி இல்லை.

இப்போது மே மாதம். மறு வாய்ப்பு. ஐந்து பி வகுப்பு, இருபத்திரண்டு பிள்ளைகள், பின்னக் கணக்கு. இந்த முறையும் விட்டால் அடுத்த வருடம்தான் திரும்பக் கேட்கலாம். பள்ளிக்கூடத்துக்கோ ஓகஸ்டில் கணித ஆசிரியர் வேண்டும். வகுப்பைப் பொறுப்பாக வைத்திருந்த லார்ஸ், தாடிக்குள் இருந்து சிரிக்கும் முப்பது வயதுக்காரன், "நீ சித்தியடைந்தால் அந்த இடம் உனக்குத்தான், தவறினால் வெளியில் ஆள் தேட வேண்டும்" என்று ஒளிக்காமல் சொல்லியிருந்தான். டெனிஷில் எல்லாருக்கும் 'நீ'தான், வயது வித்தியாசம் கிடையாது. ஐந்து பிப் பிள்ளைகளும் அவளை 'சுஜா' என்றே கூப்பிட்டார்கள். முதல் வாரம் அது காதில் குத்தியது, பிறகு பழகிவிட்டது.

பியர்கிட்டெ வருவதற்கு இரண்டு நாள் முந்தி, சாப்பாட்டு மேசையில் அவள் கையை மட்டும் பிசைந்துகொண்டிருந்தாள். சோறு அப்படியே இருந்தது.

"இஞ்சை பாரும்," என்றான் சுபாங்கன். "உமக்கு என்ன வேணும்? பிள்ளையள் கை தூக்க வேணும், அவ்வளவுதானே?"

"ஓம். ஆனா ஆரும் தூக்கினாத்தானே."

"எங்கட பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தா முதல் நாளே எல்லாம் ஒத்திகை பாத்திடுவம். கணக்கு வாத்தியார் என்ன சொன்னவர் தெரியுமே? கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கோணும். விடை தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வாத்தியார் வலது கையளைப் பாத்து மட்டும் கேப்பார். இன்ஸ்பெக்டர் வாயைப் பிளந்துகொண்டு போனவர்."

சுஜாந்தினிக்குச் சிரிப்பு வந்தது. இந்த விஷயத்தில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் பேசி வைத்தாற்போல ஒன்றுதான். அவளும் பதின்மூன்று வயதுவரை அங்கே படித்தவள், இன்ஸ்பெக்டருக்காக இடது கையைத் தூக்கியவள்.

மகள் நிலக்சி கைபேசியில் இருந்து தலையை எடுத்தாள். பதினாறு வயது, தகப்பனும் தாயும் எந்த மொழியில் கேட்டாலும் டெனிஷில்தான் பதில். "அம்மா, இது சுத்த ஏமாற்று."

"ஏமாத்து இல்லைப் பிள்ளை, ஒழுங்கு," என்றான் சுபாங்கன்.

ஏமாற்றுத்தான் என்று சுஜாந்தினிக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அடுத்த நாள் அதைச் செய்தாள். லார்ஸ் பல் வைத்தியரிடம் போயிருந்த நேரம் பார்த்து, வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் டெனிஷ்ப் பிள்ளைகளிடம் எதைச் சொன்னாலும் 'ஏன்' என்று ஒரு கேள்வி வரும். அதைக் கேட்டவள் லீவா, முன்வரிசைக்காரி, எல்லாவற்றுக்கும் விளக்கம் வேண்டும் அவளுக்கு.

"ஏன் சுஜா?"

"அது ஒரு விளையாட்டு."

"நாளைக்கு வருகிறவரும் விளையாடுகிறாரா?"

"அவருக்குச் சொல்ல வேண்டாம்," என்றாள் சுஜாந்தினி.

வெள்ளிக்கிழமை காலை பியர்கிட்டெ வந்தார். சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றி யன்னல் கட்டில் வைத்துவிட்டு, லார்சுக்குப் பக்கத்தில் அமர்ந்து கொப்பியைத் திறந்தார். சுஜாந்தினி முதல் கேள்வியைக் கேட்டாள். "பாதியும் பாதியும் சேர்ந்தால்?"

இருபத்திரண்டு கைகளும் சர்ரென்று மேலே போயின.

லார்சின் வாய் திறந்தது. பியர்கிட்டெயின் புருவம் உயர்ந்தது, பேனை ஓடியது. இரண்டாவது கேள்வி, மூன்றாவது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் கைக் காடு. அவள் வலது கைகளில் இருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள், ஒவ்வொன்றும் சரியான விடை. மனதுக்குள் சுபாங்கனுக்கு ஒரு கோழிப் புரியாணி நேர்ந்துகொண்டாள்.

நான்காவது கேள்வி. "ஆறில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா?"

எல்லாக் கைகளும் எழுந்தன. நடுவரிசையில் யூசுப் மட்டும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

அவனைப் பார்க்காதது போல அவள் இருக்கப் பார்த்தாள். வகுப்பு விடவில்லை, சிரித்தது. "என்ன யூசுப்?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எனக்குப் பாதிதான் தெரியும்," என்றான் அவன். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, என்ன செய்வது.

பியர்கிட்டெயும் சிரித்துவிட்டார். "அது என்ன இரண்டு கை? எனக்கும் சொல்லுங்களேன்."

லீவா நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தாள். விருந்தாளி கேட்டால் விளக்கிச் சொல்ல வேண்டும், அப்படித்தானே வளர்த்திருக்கிறார்கள். "வலது கை என்றால் விடை தெரியும். இடது கை என்றால் தெரியாது, ஆனால் எல்லாருக்கும் தெரியும் என்று நீங்கள் நினைப்பதற்காகத் தூக்குகிறோம். நேற்றுப் பழகினோம். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று..." அங்கே நிறுத்திவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

சுஜாந்தினியின் முகத்தில் ஈயாடவில்லை. காது இரண்டும் கொதித்தன. வெளியே ஓடிப்போய், சைக்கிளை எடுத்து, நேரே பால் ஆய்வுகூடத்துக்குப் போய், அந்த வெள்ளை மேலங்கியைத் திரும்பத் தாருங்கள் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. பியர்கிட்டெயின் பேனை அசையவில்லை. அது எழுதிக்கொண்டிருப்பதைவிட மோசம்.

பிள்ளைகள் இன்னும் கையை இறக்கவில்லை. இறக்கச் சொல்லவில்லையே. அந்தக் கைகளை அவள் அப்போதுதான் முதல்முதலாக ஒழுங்காகப் பார்த்தாள். வலது கை எட்டு. இடது கை பதின்மூன்று, யூசுப்பின் பாதியையும் சேர்த்தால் பதின்மூன்றரை. ஐந்து வாரமாக இந்த வகுப்பில் நின்று கத்துகிறாள், பதின்மூன்றரைப் பேருக்கு இது விளங்கவில்லை என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

ஆய்வுகூடத்தில் இருநூறு குப்பியில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது சரியாக இருந்தால் அவற்றை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிழையான ஒரு குப்பியிடம்தான் ஓட வேண்டும், எந்தப் பண்ணை, எந்தத் தாங்கி என்று தேட வேண்டும். பதினெட்டு வருடம் அதைத்தான் செய்தாள். இங்கே வந்து, சரியான குப்பிகளை மட்டும் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

"வலது கைகளை இறக்குங்கள்," என்றாள். "இடது கைகள் அப்படியே இருக்கட்டும். இனி அவர்களைத்தான் கேட்கப் போகிறேன்."

கடைசி வரிசையில் மிக்கெல் இருந்தான். ஐந்து வாரத்தில் ஒரு சொல் பேசாதவன். எப்போதும் குனிந்து எழுதிக்கொண்டிருப்பதால் கெட்டிக்காரன் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அவனுடைய இடது கை காது உயரத்தில் அரைமனதாக நின்றது.

"மிக்கெல், உனக்கு எது பெரிது போல இருக்கிறது?"

"எட்டில் ஒன்று." மிகவும் மெதுவாக. "எட்டு ஆறைவிடப் பெரியதுதானே."

"இப்படி நினைத்தவர்கள் வேறு யார்?"

நின்ற இடது கைகளில் பத்து இன்னும் உயரப் போயின. மிக்கெல் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் வந்த ஆறுதல் அவளுக்குத் தெரிந்த ஒன்றுதான். பதின்மூன்று வயதில் இதே ஹேர்னிங்கில், இதே மாதிரி ஒரு கடைசி வரிசையில், ஒரு வருடம் முழுவதும் எதைக் கேட்டாலும் 'யா, யா' என்று தலையாட்டிக்கொண்டிருந்த பெட்டை அவள். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். யாராவது கண்டுபிடிக்கமாட்டார்களா என்று தவிப்பு, கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம்.

"போன கிழமை உனக்குப் பிறந்தநாள் அல்லவா? கேக் மனிதன் இருந்ததா?"

இருந்தது. டெனிஷ்ப் பிறந்தநாளுக்கு ஆள் உருவத்தில் ஒரு கேக் செய்து, பிறந்தநாள் பிள்ளை அதன் கழுத்தை அறுக்க, மற்றப் பிள்ளைகள் கூரை பறக்கக் கத்துவார்கள். நல்ல நாளில் என்ன பழக்கம் இது என்று அவள் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வெண்பலகையில் ஒரு கேக் மனிதனை வரைந்தாள், தொப்பை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கழுத்தில் கோடு போட்டதும் வகுப்பு முழுவதும் ஒரேயடியாக வீரிட்டது. பியர்கிட்டெயும் சேர்ந்து கத்தினாரோ என்று ஒரு சந்தேகம்.

"ஆறு பேர் வந்தால் உன் துண்டு எவ்வளவு? வந்து வெட்டு."

மிக்கெல் எழுந்து வந்து ஆறாக வெட்டினான். பக்கத்தில் இன்னொரு கேக் மனிதன், அதை எட்டாக வெட்டினான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "எட்டுப் பேர் வந்தால் எனக்குக் குறையும்... சுஜா! எட்டில் ஒன்றுதான் சின்னது!" சொல்லிவிட்டு, இடது கையை இறக்கி வலது கையைத் தூக்கினான். ஒருவரும் சொல்லிக் கொடுக்காதது அது. அவனைப் பார்த்து இன்னொருத்தி கை மாற்றினாள், பிறகு இன்னொருவன். யூசுப் ஒரு கையை இறக்கினான். மிச்ச நேரம் முழுவதும் கைகள் மாறிக்கொண்டே இருந்தன, மணி அடித்தபோது இரண்டு இடது கைதான் மிச்சம். அந்த இரண்டு பேரையும் திங்கட்கிழமை முதலில் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினாள்.

சின்ன அறையில் கோப்பியும் மூன்று நாற்காலியும். லார்ஸ் முந்திக்கொண்டான், நல்ல மனது அவனுக்கு. "யாருக்கு விளங்கவில்லை என்று கண்டுபிடிக்கத்தானே அந்த இடது கை முறை, சுஜா? நீ முதலிலேயே திட்டமிட்டதுதானே?"

ஓம் என்று ஒரு சொல் போதும். ஓகஸ்டில் வேலை. அவள் கோப்பியைப் பார்த்தாள். பால் கொஞ்சம் கூடிவிட்டது.

"இல்லை," என்றாள். "இவரை ஏமாற்றத்தான் செய்தேன்." யாழ்ப்பாணத்து இன்ஸ்பெக்டர், கணக்கு வாத்தியார், பல் வைத்தியர் நேரம், எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். "பிள்ளைகளை மறைக்கச் சொன்னது பெரிய பிழை. லீவாவிடம் மன்னிப்புக் கேட்பேன். எட்டில் ஒன்றுக்குப் பிறகு நடந்தது மட்டும்தான் என் பாடம்."

பியர்கிட்டெ கொப்பியைத் திருப்பிக் காட்டினார். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'எல்லாருக்கும் எல்லாம் தெரிகிறது, அப்படியானால் நான் எதைப் பார்க்க வந்தேன்?'

"முதல் பத்து நிமிடத்துக்கு உனக்குப் பூச்சியம்," என்றார். "பிறகு நடந்ததற்கு முழுப் புள்ளி, பன்னிரண்டு. இப்போது நீ சொன்னதையும் சேர்த்து, ஏழு. சித்தி."

வீட்டில் சுபாங்கனுக்குச் சந்தோசத்தைவிடக் குழப்பம்தான் கூட. "பன்னிரண்டுக்கு ஏழோ? மிச்சம் அஞ்சும் எங்கை?"

"அது உங்கட இன்ஸ்பெக்டர் கொண்டு போயிட்டார்," என்றாள் அவள். நிலக்சி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, "நல்லாச் செய்தீங்கள் அம்மா" என்றாள், தமிழில். புரியாணி நேர்த்திக்கடன் மட்டும் ரத்தாகவில்லை. யோசனை கெட்டதென்றாலும், அந்த யோசனை இல்லாமல் மிக்கெல் பேசியிருக்கமாட்டான்.

ஓகஸ்டில் முதல் ஆசிரியர் கூட்டம். முப்பது பேர், தட்டு நிறைய இலவங்கப்பட்டைப் பணிஸ். அதிபர் புதிய நேரசூசி மென்பொருளை அரை மணித்தியாலமாகத் திரையில் காட்டிவிட்டு, "எல்லாருக்கும் விளங்கியதா?" என்று கேட்டார். முப்பது தலைகளும் ஆடின. சுஜாந்தினியின் தலையும் ஆடத் தொடங்கியது, பழக்கதோசம். பாதியில் நிறுத்தினாள்.

அவளுடைய இடது கை மேலே போனது.

அதிபர் திகைத்துப் பார்த்தார். மேசைக்கு எதிர்ப்பக்கம் லார்ஸ் தாடிக்குள் சிரித்துக்கொண்டு தன் இடது கையையும் தூக்கினான். அவனுக்குப் பக்கத்தில் முப்பது வருடம் கற்பித்த ஒரு ரீச்சர், விஷயம் என்னவென்று தெரியாமலே, "எனக்கும்தான் விளங்கவில்லை" என்று மூச்சு விட்டுக்கொண்டு கை உயர்த்தினார். அதிபர் திரையை முதல் பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டு போனார்.