எட்டுக்கு மேல் போன பதினான்கு நாட்கள்

1

ஞாயிறு காலை பதினொன்று இருபதுக்கு என் தங்கை கவிநிலா மடிக்கணினியை மூடினாள். இந்தக் கதை அந்த நிமிடத்தில் பிறந்தது. நான் எழுத நினைத்திருந்தது வேறு. கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையிலிருந்து சூரியனை ஆராயப் போன பெண்ணைப் பற்றி, கொஞ்சம் பெருமையோடு, ஒரு

வேண்டாம்.

2

செங்கம் சாலையில் என் வாடகை அறையில் இருந்தோம். பக்கத்து அறையில் ஒரு வெள்ளைக்காரர் தியானத்தில் இருந்தார். [கதைக்குத் தேவையில்லை. வெட்ட வேண்டும்.]

மறுநாள் சென்னையில் கவிநிலாவுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. அவள் ஆய்வின் முடிவு ஒரே வரி: சூரியச் சீற்றங்களால் சூரியக் காற்றின் கலவை மாறுவதில்லை.

சூரியன் அவ்வப்போது வெடித்துச் சீறும்; எப்போதும் ஒரு காற்றும் அதிலிருந்து வீசுகிறது. அந்தக் காற்றில் நூறு ஹைட்ரஜனுக்கு நான்கு ஹீலியம் போல இருக்கும். ஹீலியம் எட்டுக்கு மேல் வந்த நாட்களை எல்லாம் கருவியின் பிழை என்று அவளுடைய நிரல் தள்ளிவிட்டது. மொத்தம் பதினான்கு நாட்கள்.

அன்று காலை, கடைசியாக ஒருமுறை என்று, தள்ளிய நாட்களைச் சீற்றங்களின் தேதிகளோடு வைத்துப் பார்த்திருக்கிறாள். பதினான்கும் பெரிய சீற்றம் நடந்து இரண்டு மூன்று நாள் கழித்து வந்தவை. காற்று பூமிப் பக்கம் வந்து சேர ஆகும் நேரம்.

"கூழ்ப்பானையில அடியைத் துழாவின மாதிரிண்ணா. கீழ தங்கினதைச் சீற்றம் மேல தூக்கி வீசுது. நான் அதைக் குப்பைனு கொட்டிட்டேன்."

அவள் மடிக்கணினியை மூடினாள். மணி பதினொன்று இருபது.

3

முடிவு அ: வாயைத் திறக்காமல் பட்டம் வாங்குகிறாள். பெங்களூரில் வேலை காத்திருக்கிறது.

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறாள். பட்டம் தள்ளிப்போகிறது. வேலை போகிறது.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் நான் இல்லை.

4

நான் விட்டுவிட்டது இது.

மூன்று வருடம் முன்பு, அவளுடைய முதல் வரைவில் ஒரு வரி இருந்தது: இந்தப் பதினான்கு நாட்களுக்குக் காரணம் தெரியவில்லை. ஒரே பிரதியை முதலில் மொழிநடைக்காக நானும் பிறகு அவள் நெறியாளர் தசரதனும் திருத்தினோம். இருவரும் சிவப்புப் பேனா. திரும்பி வந்தபோது அந்த வரி அடிக்கப்பட்டிருந்தது. வரி போனதும் அந்த நாட்களின் புள்ளிகள் வரைபடத்தில் அநாதையாக நின்றன. அவற்றை நீக்க அவள் எட்டு என்று வரம்பு வைத்தாள்.

தெரியாததை எதற்குச் சொல்ல வேண்டும்? (என் கதைகளில் நான் செய்வதுதான்.) அடித்தது நான்; அதையே மறந்திருந்தேன். பதினொன்று இருபதுக்கு நினைவு வந்தது.

5

இந்தக் கதையின் கடைசியில் என் பதில் இரண்டு வரி இருந்தது. அடித்துவிட்டேன். வாசகர் எழுதிக்கொள்ளலாம்.

கவிநிலா பையிலிருந்து அந்தப் பழைய பிரதியை எடுத்து மேஜைமேல் விரித்தாள். நாளைக்குத் தேர்வாளர்கள் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள், வரியை அடித்தவர் பெயர் உட்பட. பிறகு சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இது சார் போட்டதுதானேண்ணா?"